வீட்டிலேயே பீர்: ஸ்டார்டர் கிட்டில் எது அவசியம், எது வெட்டிச் செலவு?

பெட்டி வந்து இறங்குகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மூடி போட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி, வளைந்த குழாய் மாதிரி சின்னதாக ஓர் ஏர்லாக், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின், ஈஸ்ட் பாக்கெட். கூடவே செய்முறை அச்சடித்த ஒரு தாள். இருட்டான இடத்தில், 20 டிகிரி செல்சியஸில், இரண்டு வாரம் வைக்கச் சொல்கிறது அந்தத் தாள்.

சிங்கப்பூரில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில், நாள் முழுக்க ஏசி போடாமல், 20 டிகிரி இருக்கும் இடம் எங்கே இருக்கு?

வீட்டில் பீர் தயாரிக்கும் 'ஹோம்ப்ரூயிங்' சிங்கப்பூரில் சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. தொடங்க நினைப்பவர் முதலில் செய்வது ஒரு ஸ்டார்டர் கிட் தேடுவதுதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் பல கிட்டுகளும், அவற்றோடு வரும் குறிப்புகளும், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற குளிர் நாட்டு வீடுகளை மனதில் வைத்து உருவானவை. அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினால் காசு போகும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் வேறு. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, சுத்தம், அளவு, வெப்பநிலை என்ற மூன்றுக்கும் ஒன்றும் மிச்சம் இல்லாமல் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

முதலில் சட்டம்: எங்கே செல்லும்?

சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர், ஒயின் போன்ற நொதித்த பானங்கள் தயாரிக்க உரிமம் தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. தயாரிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, விற்கக் கூடாது. வடித்து இறக்கும் சாராய வகைகளுக்கு இந்த அனுமதி கிடையாது.

இந்த 30 லிட்டர் கணக்கை வாங்கும் முன்பே யோசிக்கணும். பிரிட்டன் கிட்டுகள் வழக்கமாக 40 பைன்ட், அதாவது சுமார் 23 லிட்டர் அளவு. அமெரிக்க கிட்டுகள் 5 கேலன், சுமார் 19 லிட்டர். இரண்டில் எதைப் போட்டாலும் அந்த மாதத்தில் இன்னொரு முழு பேட்ச்சுக்கு இடமில்லை. அதனால் 'இரண்டு ஃபெர்மென்டர் வாங்கினால் தள்ளுபடி' என்ற விளம்பரம் சிங்கப்பூர்காரருக்குப் பெரிதாகப் பயன்படாது.

மற்ற நாடுகளிலும் இந்தச் சுதந்திரம் ரொம்பப் பழையது இல்லை. பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வாங்கும் நடைமுறை 1963 வரை இருந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் நீங்கியது. ஆனாலும் வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி தரும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978 அக்டோபரில்தான். மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை காத்திருக்க வைத்தன.

தமிழ்நாட்டில் செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் அது குற்றம். பீரும் அதில் அடக்கம். 'ஊறல் அழிப்பு' என்று போலீஸ் செய்திகளில் படிக்கிறோமே, வாளியில் நொதித்துக்கொண்டிருக்கும் பீரையும் சட்டம் கிட்டத்தட்ட அதே கண்ணோடுதான் பார்க்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, இந்தச் சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

ஏர்லாக், ஹைட்ரோமீட்டர் போன்ற பொருட்கள் இந்தியாவிலும் ஆன்லைனில் கிடைக்கின்றன. வாங்க முடிகிறது என்பதாலேயே செய்வதும் சரி என்று ஆகிவிடாது. சிங்கப்பூரில் இருந்து ஊருக்கு வரும்போது 'அங்கே லீகல்தானே' என்ற பேச்சும் இங்கே எடுபடாது.

வாளிக்குள் என்ன நடக்கிறது?

எந்தப் பொருள் ஏன் தேவை என்று புரிய, செய்முறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மாவில் இருக்கும் நுண்ணுயிரிகள் மாவைத் தின்று வாயுவை வெளியிடுகின்றன, மாவு எழும்புகிறது. பீரில் அந்த வேலையை ஈஸ்ட் செய்கிறது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது முளைகட்டிய பார்லியில் இருந்து எடுத்த இனிப்பான பாகு. அதைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கசப்பு தரும் பூவோடு கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் போடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். ஓரிரு வாரத்தில் அது அடங்கியதும், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைப்பார்கள். பாட்டிலுக்குள் மறுபடி சிறிதளவு நொதித்து, வாயு வெளியே போக வழியில்லாமல் பீரிலேயே கரையும். பீரில் வரும் நுரை அதுதான்.

ஒரு வித்தியாசம் முக்கியம். இட்லி மாவில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்துதான் வேலை செய்யணும், புளிப்பும் வரணும். பீரில் ஈஸ்ட்டைத் தவிர வேறு எது நுழைந்தாலும் கெட்டது. அதனால்தான் சுத்தத்துக்கு இவ்வளவு கெடுபிடி.

கிட்டில் என்னென்ன இருக்கணும்?

முதல் நாளே தேவைப்படுபவை இவை:

* ஃபெர்மென்டர்: உணவுத் தர பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடியோடு. 19 லிட்டர் பீருக்கு சுமார் 25 லிட்டர் வாளி வேண்டும். இட்லி மாவைப் பாத்திரம் நிறைய வைத்தால் காலையில் மேடை முழுக்க வழிந்திருக்கும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.
* ஏர்லாக்: உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது.
* கொதிக்க வைக்கும் பாத்திரம்: வீட்டில் 12 முதல் 16 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் அதுவே போதும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. மால்ட் தண்ணீர் பால் மாதிரி திடீரென்று பொங்கும், வழிந்தால் அடுப்பில் ஒட்டும் பாகைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போகும்.
* தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், அதற்கான உயரமான குடுவை.
* சானிடைசர்: கழுவாமலே பயன்படுத்தக்கூடிய, உணவுப் பாத்திரங்களுக்கான வகை.
* சைஃபன் குழாய், அல்லது அடியில் டேப் வைத்த வாளி: அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல் பீரை மாற்ற.
* பாட்டில்கள், மூடிகள், மூடி அழுத்தும் கருவி: 19 லிட்டருக்கு 330 மில்லி பாட்டில் என்றால் 58 வேண்டும், 500 மில்லி என்றால் 38.

இந்தப் பட்டியலோடு கிட்டின் விவரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. விலை குறைவான சில கிட்டுகளில் பாட்டில் இருக்காது. சிலவற்றில் ஹைட்ரோமீட்டர் இருக்காது. பாட்டில் இல்லை என்பது பீர் தயாரான அன்றே தெரிந்துவிடும். ஹைட்ரோமீட்டர் இல்லாததன் விளைவு தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஹைட்ரோமீட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பால் சொசைட்டியில் பாலை அளந்து வாங்கும்போது ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விட்டுப் பார்ப்பார்கள். ஹைட்ரோமீட்டர் அந்த லாக்டோமீட்டரின் உறவுக்காரர். சர்க்கரை கரைந்த தண்ணீர் அடர்த்தியாக இருக்கும், அதில் கருவி மேலே மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அடர்த்தி குறைந்து கருவி கீழே இறங்கும்.

ஒரு உதாரணம். தொடக்கத்தில் 1.050 காட்டிய கருவி முடிவில் 1.010 காட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 0.040. அதை 131.25-ஆல் பெருக்கினால் 5.25. பீரில் ஏறத்தாழ 5.25 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்தக் கருவியின் உண்மையான வேலை ஆல்கஹால் அளவைச் சொல்வது இல்லை. நொதித்தல் முடிந்ததா என்று சொல்வதுதான். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு வேறு வழியில் கசிந்தாலும் குமிழி வராது. அறை வெப்பநிலை ஏறினால், நொதித்தல் முடிந்த பிறகும் குமிழி வரும். குமிழியை நம்பி அடைத்தால் பாட்டிலுக்குள் வேலை தொடரும்.

கணக்கு இதுதான். சாதாரண பாட்டில் பீரில் லிட்டருக்கு சுமார் 5 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கும். 1.010-க்கு இறங்க வேண்டிய பீரை 1.020-லேயே அடைத்துவிட்டால், மிச்சம் இருக்கும் சர்க்கரை லிட்டருக்கு மேலும் சுமார் 10 கிராம் வாயுவை உண்டாக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை தரும் வாயு தனி. சாதாரணக் கண்ணாடி பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது இல்லை. வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் அடுக்கியவையும் சிதறும். ஹோம்ப்ரூ செய்பவர்கள் இதை 'பாட்டில் பாம்' என்று சும்மா சொல்வதில்லை. குழந்தைகள் நடமாடும் சமையலறையில் அலமாரிக்குள் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தடுக்கும் வழி சுலபம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து, அளவு மாறாமல் இருந்தால் மட்டும் பாட்டிலில் அடைக்க வேண்டும். நுரைக்கான சர்க்கரையைக் கைக்கணக்கில் போடாமல் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் என்பது வழக்கமான அளவு. முதல் முறை செய்பவருக்குக் கண்ணாடியைவிட, பீருக்கென்றே வரும் பழுப்பு நிற பெட் பிளாஸ்டிக் பாட்டில் பாதுகாப்பானது. விரலால் அழுத்திப் பார்த்தே உள்ளே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

30 டிகிரி வீட்டில் என்ன செய்வது?

ஏல் வகை பீருக்கான பெரும்பாலான ஈஸ்ட்டுகள் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். லாகர் வகைக்கு இன்னும் குளிர் வேண்டும். சிங்கப்பூர் வீட்டில் அறை 30 டிகிரி என்றால் வாளிக்குள் இன்னும் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசர அவசரமாக வேலை செய்து, தின்னர் மாதிரி நெடியும் தொண்டையை எரிக்கும் காரமும் கொண்ட பீரைத் தரும். 'ஹோம்ப்ரூன்னாலே இப்படித்தான் இருக்கும்' என்று பலர் முதல் பேட்ச்சோடு கைவிடுவதற்கு, கெட்டுப்போன டின்னைவிட இந்தச் சூடுதான் பெரிய காரணம்.

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, காசு அதிகம் கேட்காத வழி. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரத்துணி சுற்றி, ஃபேன் போடுவது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே தத்துவம். ஆனால் சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஆவியாகாது. அதனால் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் பாட்டில்களைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றிப் போட வேண்டும். முதல் மூன்று நாள் கவனமாகச் செய்தாலே பாதி வெற்றி.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜும் அதை இயக்கி நிறுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும். ரொம்ப நம்பகமானது, ஆனால் இடமும் மின்கட்டணமும் கேட்கும்.

மூன்றாவது, ஈஸ்ட்டையே மாற்றிவிடுவது. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட 'குவைக்' வகை ஈஸ்ட்டுகள் சூட்டை விரும்புபவை. அங்குள்ள வாஸ் பகுதியின் குவைக் 35 முதல் 40 டிகிரியில் சில நாட்களிலேயே வேலையை முடித்துவிடும். உலர்ந்த பாக்கெட்டாகவே கிடைக்கிறது. முதல் பேட்ச் போடும் சிங்கப்பூர்காரருக்கு இதைவிட மலிவான தீர்வு இல்லை. கிட்டோடு வரும் ஈஸ்ட்டை எடுத்து வைத்துவிட்டு இந்த ஒரு பாக்கெட்டைத் தனியாக வாங்குவது புத்திசாலித்தனம்.

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. சோப்பு அழுக்கை எடுக்கும். கொதித்து ஆறிய பிறகு பீர் தொடும் எல்லாவற்றுக்கும், வாளி, குழாய், கரண்டி, ஹைட்ரோமீட்டர் உட்பட, சானிடைசர் போட வேண்டும். ஸ்டார் சான் போன்ற அமில வகை சானிடைசரில் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். ஓரிரு நிமிடம் நனைந்திருந்தால் போதுமானது, பிறகு கழுவ வேண்டாம். வாளியின் டேப்பைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யவும் மறக்கக் கூடாது. வெளியே பளிச்சென்று இருக்கும் வாளியில் பீர் புளித்துப்போனால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் அந்த டேப். வாளிக்குள் இரும்பு நாரும் போடக் கூடாது, கீறல்களுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும்.

குழாய்த் தண்ணீரும் கவனிக்க வேண்டியதே. சிங்கப்பூர் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் அதில் கிருமிநாசினியாக இருக்கும் குளோரமின் கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது. பீரில் அது மருந்து வாடையாக வெளிப்படும். கேம்ப்டன் மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்து 20 லிட்டரில் கலந்தால் பிரச்சினை தீர்ந்தது. அது சல்ஃபைட் என்பதால், ஒத்துக்கொள்ளாதவர்கள் வடிகட்டியைத் தேடுவது நல்லது.

எதை இப்போது வாங்க வேண்டாம்?

* பெரிய கெட்டில், செம்புக் குளிர்விப்பான்: சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அதை வைத்து 20 டிகிரிக்கு இறக்க முடியாது. அதற்குப் பதில் 9 லிட்டரை மட்டும் கொதிக்க வைத்து, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து 38 டிகிரிக்கு ஆற்றலாம். முந்தைய நாளே கொதிக்க வைத்து ஃப்ரிட்ஜில் குளிர்ந்த 10 லிட்டரை அதில் சேர்த்தால் கலவை 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.
* கண்ணாடிக் குடுவை: பார்க்க அழகு. சோப்புக் கையில் நழுவினால் தையல் போட வேண்டி வரும்.
* தானியம் அரைக்கும் மெஷின், மின்சார ஆல்-இன்-ஒன் கருவிகள்: நான்கைந்து பேட்ச் போட்டு, இந்தப் பழக்கம் தொடரும் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

பழைய பொருள் வாங்குவதாக இருந்தால் மூடி அழுத்தும் கருவி, பாத்திரம் போன்றவை பரவாயில்லை. பிளாஸ்டிக் வாளியும் குழாயும் புதிதாகவே இருக்கட்டும். இன்னும் தயக்கம் இருந்தால் 4 லிட்டர் அளவிலான சின்ன கிட் போதும். வேலை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் தவறு நடந்தால் நஷ்டம் பத்துப் பன்னிரண்டு பாட்டிலோடு முடியும்.

வீட்டு பீரில் மெத்தனால் வருமா?

தமிழ் வாசகர்கள் மனதில் கட்டாயம் எழும் கேள்வி இது. தமிழில் சாராயத்துக்கும் பீருக்கும் 'காய்ச்சுவது' என்ற ஒரே சொல் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. பீரில் வடித்து இறக்கும் வேலையே கிடையாது. மால்ட் நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் மிகச் சொற்பம், உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போவதில்லை. கள்ளக்குறிச்சியில் உயிரைப் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் கலந்த சாராயம். வீட்டு பீரின் உண்மையான ஆபத்து, மேலே சொன்ன பாட்டில் வெடிப்பும், கொதிக்கும் பாகு உடலில் கொட்டுவதும்தான்.

அதற்காக பீர் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டில் 58 பாட்டில் அடுக்கியிருந்தால், கடைக்குப் போகும் அந்தச் சின்னத் தடைகூட இருக்காது. குடியைக் கட்டுப்படுத்தப் போராடுபவர் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பொழுதுபோக்கு வேண்டவே வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

வெயில் நாட்டில் கிட் விற்பவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. குளிர் நாட்டுத் தாளை அப்படியே உள்ளே வைத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஹைட்ரோமீட்டரைக் கூடுதல் பொருளாக விற்காமல் கிட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். ஹெல்மெட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லி பைக் விற்கும் வழக்கத்தை நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதுவரை வாங்குபவர்தான் கேட்கணும். 'இதில் ஹைட்ரோமீட்டர் இருக்கா? இந்த ஈஸ்ட் 30 டிகிரி தாங்குமா? சானிடைசர் எத்தனை பேட்ச்சுக்கு வரும்?' இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பர்ஸைத் திறக்கலாம். 'அதெல்லாம் தேவையில்லைங்க, வாளியை மூடி வச்சா போதும்' என்று பதில் வந்தால், வேறு கடை பார்ப்பதே நல்லது.